கராஜ் வாசல்: மொறிஸ் வானின் முன் ஷொக்கைக் கழற்றி எறியலாமா?

இந்த மாதம் என் மேசைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய சிறிய வான்களின் ஷொக் அப்சோபர் பற்றியவை. சென்ற இதழில் மொறிஸ் மைனர் வானின் முன்பக்கம் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி போதாது என்பதை வாசகர்கள் எனக்கு உணர்த்திவிட்டார்கள். ஆகவே எஞ்சின், பற்றரி, கார்பரேற்றர் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை ஷொக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தமிழ்ப் பாட ஒப்படையில் ஷொக் அப்சோபருக்கு "அதிர்ச்சி உறிஞ்சி" என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். சரியான சொல் எது, ஐயா?
மாணவி, ஸ்காபரோ, கனடா

பதில்: மகளே, நீ ஆங்கிலப் பெயரை ஒழுங்காகத்தான் தமிழாக்கியிருக்கிறாய். பிழை அந்த ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. பள்ளத்தில் விழும் அடியை வாங்கிக்கொள்வது ஷொக் அல்ல, வில், அதாவது ஸ்பிறிங். ஷொக்கின் வேலை வேறு.

வீட்டில் ஸ்பிறிங் ஏணை பார்த்திருப்பாய். குழந்தையைக் கிடத்தி ஒருமுறை இழுத்து விட்டால் ஏணை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அது வில்லின் குணம். குழந்தை உறங்கியதும் அம்மா ஏணையின் மேல் கையை மெதுவாக வைப்பார். ஆட்டம் படிப்படியாக அடங்கும். ஒரேயடியாகப் பிடித்து நிறுத்தினால் குழந்தை விழித்துவிடும், கையை வைக்காமலே விட்டால் ஆட்டம் ஓயாது. வாகனத்தில் அந்தக் கைதான் ஷொக். ஆட்டத்தின் சக்தியை எண்ணெயின் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறது.

ஆகவே "தணிப்பான்" என்று எழுது. பிரித்தானியப் பொறியியலாளர்களும் "டாம்பர்" என்று எழுதுவதையே விரும்புவார்கள், அதுவும் தணிப்பதைக் குறிக்கும் சொல்தான். கராஜில் எல்லோரும் "ஷொக்" என்கிறோம். இந்தப் பக்கத்தில் நானும் அப்படியே எழுதுகிறேன். ஒப்படையில் மட்டும் தணிப்பான்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் வானை வைத்திருக்கிறேன். வார இறுதிச் சந்தைகளுக்குப் பலகாரம் கொண்டுபோகிறேன். வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் மூன்று நான்கு முறை குதித்துத்தான் அடங்குகிறது. காட்டிய கராஜில், பழைய லீவர் ஷொக்கைக் கழற்றி எறிந்துவிட்டு இக்காலத்துக் குழாய் ஷொக் பூட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?
வாசகர், ஹரோ, லண்டன்

பதில்: தம்பி, இன்னும் கழற்றவில்லை என்றால் கழற்றாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

இக்காலத்துக் காரில் ஷொக் என்பது தனியாகத் தொங்கும் ஒரு குழாய். அது செத்துப்போனால் வண்டி ஆடும், ஆனாலும் சில்லு அதனதன் இடத்தில் நிற்கும். உங்கள் மொறிஸின் முன்பக்கம் அப்படிப்பட்டது அல்ல. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் காரில் முன் வில் ஒரு நீளமான முறுக்குக் கம்பி. கீழ்க் கையில் தொடங்கி, தரைக்கடியில் பின்னோக்கிப் போய், குறுக்குச் சட்டத்தில் முடிகிறது. சில்லைத் தாங்கும் கிங்பின் என்ற நிமிர்ந்த தண்டின் கீழ்முனையைக் கீழ்க் கை பிடித்திருக்கிறது. மேல்முனையைப் பிடித்திருப்பது எது? ஆம்ஸ்ட்ரோங் நிறுவனத்தின் லீவர் ஷொக்கிலிருந்து வெளியே நீளும் கை. அதற்கென்று வேறு மேல் கை கிடையாது. ஷொக்கே அந்த மேல் கை.

1953இல் வானும் பிக்கப்பும் வந்தபோது பின்பாதிக்குத் தனிச் சட்டகம் கொடுத்தார்கள், முன்பாதியைக் காரில் இருந்தபடியே வைத்துக்கொண்டார்கள். ஆகவே உங்கள் வானிலும் இதே கதைதான். "ஷொக்கைக் கழற்றி எறி" என்று உங்களுக்குச் சொன்னவர், சில்லின் தோள்மூட்டைக் கழற்றி எறியச் சொல்கிறார். அவருக்கு மொறிஸ் பழக்கமில்லை என்றே நினைக்கிறேன்.

இனி லீவர் ஷொக்கின் பெட்டிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். வெளியே தெரியும் கை ஒரு தண்டோடு இணைந்திருக்கிறது. சில்லு ஏறி இறங்கத் தண்டு திரும்புகிறது. தண்டின் நடுவில் உள்ள இரட்டைக் கொம்பு, அருகருகே இருக்கும் இரண்டு பிஸ்டன்களை மாறிமாறித் தள்ளுகிறது. பிஸ்டன் தள்ளும் எண்ணெய், வில் வைத்த வால்வின் இடுக்கு வழியாகப் பிதுங்கி மற்றப் பக்கம் போகவேண்டும். அந்தப் பிதுக்கத்தில்தான் ஆட்டம் கரைகிறது. பிஸ்டன் ஓடும் தூரம் குறைவு, எண்ணெயும் கொஞ்சம். அதனால் ஒரு சிறு கசிவுகூட இங்கே பெரிய இழப்பு. எண்ணெய் இறங்கிய இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக் கொடுத்துவிடும், வால்வு வழியாகப் பிதுங்காது. உங்கள் வான் மூன்று நான்கு முறை குதிப்பது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். நான் திறந்து பார்த்த மொறிஸ் ஷொக்குகளில் பெரும்பகுதி உடைந்தவை அல்ல, வறண்டவை.

ஆகவே முதல் வேலை எண்ணெய் பார்ப்பது. ஷொக்கின் உடல் முழுவதும் சேறும் கிரீஸும் படிந்திருக்கும். எண்ணெய் விடும் துவாரத்தை மூடிய அடைப்பை அவிழ்ப்பதற்கு முன் அதை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, கம்பித் தூரிகையால் சுற்றிலும் தேய்த்து, மறுபடியும் துடையுங்கள். ஒரு மணல் பருக்கை உள்ளே விழுந்தாலும் வால்வின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எந்த எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. இந்த இடத்தில் பொறுமை இழப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். பத்து நிமிடத் துடைப்பு வேலையை மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பது வருடம் உழைத்த பொருளைக் கெடுத்துவிடுகிறார்கள்.

மேலே இருக்கும் அடைப்பைத் திறந்து, துவாரத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்வரை சிறு ஊசிக்குழாயால் எண்ணெய் விடுங்கள். பிறகு வானின் அந்த மூலையைப் பலமுறை அமுக்கி விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும். மறுபடியும் விடுங்கள். குமிழி நின்றதும் மூடுங்கள். விளிம்பு தளும்ப நிரப்பக்கூடாது, சூடாகும்போது எண்ணெய் விரிய இடம் வேண்டும்.

இதற்குப் பிறகு ஒரு வாரம் ஓடிப் பாருங்கள். குதிப்பு நின்று, உடலும் காய்ந்தே இருந்தால் உங்கள் செலவு ஒரு போத்தல் எண்ணெயோடு முடிந்தது. குதிப்பு நின்றும் தண்டு வெளிவரும் இடத்தில் ஈரம் கசிந்தால் சீல் தேய்ந்துவிட்டது. குதிப்பு நிற்கவே இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகவேண்டும், கையைக் கிங்பின்னிலிருந்து பிரித்து ஷொக்கைத் தனியாகச் சோதிக்கவேண்டும்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். முறுக்குக் கம்பி எப்போதும் கீழ்க் கையைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வானை உயர்த்திச் சட்டகத்தைத் தாங்கிகளில் நிறுத்திய பிறகு, கீழ்க் கைக்கு நேர் அடியில் இன்னொரு ஜக் வைத்து அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்ட பின்னரே மேல் இணைப்பை அவிழ்க்கவேண்டும். இல்லாவிட்டால் நட் கழன்ற கணத்தில் கம்பி விடுபட்டு அடிக்கும். அதன் வழியில் விரல் இருந்தால் விரல் போகும். மேல் இணைப்பு விடுபட்டதும் சில்லின் பாகம் முழுவதும் வெளிப்பக்கம் சாயும், அது பிறேக் ஹோசில் தொங்கவும் கூடாது. ஒரு கயிற்றால் மேலே கட்டிவையுங்கள்.

கை தனியானதும் அதைப் பிடித்து மெதுவாக மேலும் கீழுமாக ஓட்டுங்கள். கெட்டியான தேனுக்குள் கரண்டி போவதுபோல, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்கவேண்டும். திசை மாறும்போது ஒரு சிறு தூரம் வெறுமையாகப் போய்ப் பிறகு பிடித்தால் உள்ளே காற்று இருக்கிறது. எங்குமே பிடிக்கவில்லை என்றால் எண்ணெய் இல்லை, அல்லது வால்வில் அழுக்கு. அடுத்ததாகக் கையைப் பக்கவாட்டில் அசையுங்கள். தண்டு அதன் இருப்பிடத்தில் லொட லொடவென்று ஆடினால் உள்ளே தண்டைத் தாங்கும் புஸ் என்ற வளையம் தேய்ந்துபோயிற்று. அந்த ஆட்டம் நேரே முன் சில்லின் சாய்வுக்குப் போகும், ஸ்டியரிங்கில் தெரியும், ரயரின் ஓரத்தைத் தின்னும். அப்போது புதுப்பித்த ஷொக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கும் வழக்கம் இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறது.

குழாய் ஷொக் பூட்டும் தொகுதிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் ஒருவகை, பழைய லீவர் ஷொக்கை அப்படியே விட்டுவிட்டு, அதன் வால்வை மட்டும் எடுத்து வெறும் கையாக்கி, பக்கத்தில் குழாயைப் பூட்டுகிறது. இன்னொரு வகை, லீவரை முற்றாக நீக்கி, புதிதாகச் செய்த மேல் கையை வைக்கிறது. முதல் வகையில் தேய்ந்த புஸ் தேய்ந்தபடியே இருக்கும். குதிப்பு நிற்கும், ஆனால் சில்லு ஆடுவது நிற்காது, அது உங்களுக்குத் தெரியாமலும் போய்விடும். இரண்டாம் வகை நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் நல்ல வேலைதான். பெரிய எஞ்சின் மாற்றி நெடுஞ்சாலையில் விரைபவர்களுக்கு அது பயன்படும். பலகாரத் தட்டோடு சந்தைக்குப் போகும் வானுக்கு நல்ல எண்ணெய் நிரம்பிய நல்ல ஆம்ஸ்ட்ரோங் ஷொக் போதும் என்பது என் முடிவான கருத்து.

இன்னொன்று. கையைப் பிரிக்கும் நாளில் கிங்பின்னின் மேலும் கீழும் உள்ள மரை இணைப்புகளையும் பாருங்கள். கிங்பின் அங்கே மரையில்தான் திரும்புகிறது. கிரீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால், ஒருநாள் கீழ் இணைப்பு கழன்று சில்லு வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். மொறிஸ் மைனரின் பேர்பெற்ற குறை இது. செத்த ஷொக்கோடு ஓடும் வானில் ஒவ்வொரு குதிப்பும் அந்த மரையைச் சம்மட்டியால் அடிப்பதுபோல அடிக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை கிரீஸ் ஏற்றுங்கள். உங்கள் அப்பா நிச்சயமாகச் செய்திருப்பார். இல்லாவிட்டால் அந்த வான் உங்கள் கைக்கு வந்திருக்காது.

கேள்வி: ஷொக்குக்கு என்ன எண்ணெய்? கடைக்காரர் பிறேக் எண்ணெய் ஊற்றச் சொல்கிறார். நண்பர் எஞ்சின் ஒயில் என்கிறார்.
வாசகர், மட்டக்களப்பு

பதில்: இரண்டும் வேண்டாம். பிறேக் எண்ணெய் கனிம எண்ணெய் வகை அல்ல, இந்த ஷொக்கின் சீலை அது கெடுத்துவிடும். ஆம்ஸ்ட்ரோங்கின் சொந்த எண்ணெய் 624 என்ற இலக்கத்தோடு வந்தது. அது கிடைக்காத இடத்தில் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு ஊற்றும் எண்ணெயில் 20 என்று குறித்ததை வாங்குங்கள். ஹைட்ரோலிக் ஜக்குக்கு ஊற்றும் எண்ணெயையும் பலர் ஊற்றி நன்றாக ஓடக் கண்டிருக்கிறேன்.

எஞ்சின் ஒயிலைப் பற்றி என் சொந்தக் கதையைச் சொல்லவேண்டும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்கள் எல்லாம் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. குடாநாடு முழுவதும் அந்தப் புகையின் மணம். சுன்னாகத்தில் அப்பாவின் கராஜில் நான் வேலை செய்தேன். பாண் கொண்டுபோகும் மொறிஸ் வான் ஒன்று எங்களிடம் வந்தது. ஷெல் விழுந்த குழிகள் நிறைந்த றோட்டில் அதன் முன்பக்கம் குதித்துக் குதித்து, தட்டில் அடுக்கிய பாண் எல்லாம் நசுங்கிப் போகிறது என்றார் உரிமையாளர். ஷொக் எண்ணெய்க்கு எங்கே போவது? கெட்டியான எஞ்சின் ஒயில் கொஞ்சம் இருந்தது, அதை விட்டேன். முதல்நாள் குதிப்பு நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. நான்காம் நாள் வான் மாட்டுவண்டிபோல இடித்துக்கொண்டு திரும்பி வந்தது, தண்டின் வழியே எண்ணெய் வடிந்திருந்தது. அந்தக் கெட்டி எண்ணெய் வால்வின் இடுக்கில் வேகமாகப் பிதுங்க முடியாமல், அழுத்தம் சீலைத் தள்ளிவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. தையல் இயந்திர எண்ணெயையும் எஞ்சின் ஒயிலையும் கிண்ணத்தில் கலந்தார். சிறு கரண்டியால் அள்ளி ஊற்றி, அது வழியும் வேகத்தைக் கண்ணால் பார்த்தார். மூன்றாவது கலவையில் தலையை ஆட்டினார். பழைய லொறி ரியூப்பில் வெட்டிய வளையத்தைச் சீலாக வைத்து மூடினோம். 1995 இடப்பெயர்வு வரை அந்த வான் பாண் கொண்டுபோனது.

அது பொருள் கிடைக்காத காலத்துக் கைமருந்து. இன்று மட்டக்களப்பில் ஃபோர்க் எண்ணெய் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் மொறிஸ் வான் தோட்டத்து மரக்கறியை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோகிறது. பின்பக்க ஷொக் முடிந்துவிட்டது. தெரிந்த ஒருவரிடம் மொறிஸ் காரின் பின் ஷொக் இரண்டு இருக்கின்றன. பூட்டலாமா? பாரம் ஏற்ற வசதியாக வில்லில் இரண்டு தகடு கூட்டியும் இருக்கிறோம்.
வாசகர், கோப்பாய்

பதில்: பொருந்தாது. காரின் பின்பக்கமும் லீவர் ஷொக்தான். வானுக்கும் பிக்கப்புக்கும் பின்னால் குழாய் ஷொக் கொடுத்தார்கள். வில்லும் காரில் உள்ளதைவிடக் கடினம். இரண்டும் ஒரே முகம் கொண்ட அண்ணன் தம்பி, உடல்வாகு வேறு.

குழாய் ஷொக் என்பதால் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. மூடிய நிலையில் எவ்வளவு நீளம், முழுதாக இழுத்தால் எவ்வளவு நீளம், இரண்டு முனையிலும் உள்ள கண்ணின் விட்டம் எவ்வளவு என்று அளந்துகொண்டு போனால், வேறு வாகனத்துக்கென்று செய்த ஷொக்கும் பொருந்தி வரலாம். இந்த மூன்று அளவும் ஒத்துவராமல் "ஏறக்குறைய சரி" என்று வாங்கிவிடாதீர்கள். நீளம் போதாத ஷொக், சில்லு தொங்கும்போது தானே கட்டையாக நின்று இழுபட்டு அறுந்துபோகும். புதிதாக வாங்கியதைப் பூட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து, முழுத் தூரமும் ஐந்தாறு தடவை இழுத்து அமுக்குங்கள். கடையில் படுக்கையாகக் கிடந்த ஷொக்கின் உட்குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். இதைச் செய்யாமல் பூட்டிவிட்டு "புது ஷொக்கும் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

இனி நீங்கள் கூட்டிய இரண்டு தகடுகள். அதைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. இந்த வானை முதலில் கால் தொன் வண்டி என்றுதான் விற்றார்கள். 5 அந்தர், நம் கணக்கில் சுமார் 254 கிலோ. பிறகு 6 அந்தர் ஆனது, கடைசிக் காலத்தில் 8 அந்தர் வகையும் வந்தது. அதுவும் 406 கிலோவோடு முடிந்தது. தகடு கூட்டினால் வான் பாரத்தில் தாழாது, உண்மைதான். ஆனால் கடினமான வில் திரும்பி உதைக்கும் வேகமும் கூடும். அதைத் தணிக்கும் ஷொக் பழையதாகவே இருந்தால் அது நாள் முழுவதும் தோற்றுக்கொண்டே இருக்கும். வெறும் வானோடு தோட்டத்துக்குத் திரும்பும்போது பின்பக்கம் துள்ளி ஒதுங்குகிறதா? பிறேக் பிடித்தால் பின் சில்லு முதலில் இழுபடுகிறதா? அப்படியானால் காரணம் இதுதான். இரண்டு தகட்டையும் எடுத்துவிட்டு, பூசணியையும் மரவள்ளியையும் இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். சந்தைக்கும் உங்களுக்கும் இடையில் இருப்பது சில மைல்தான்.

மொறிஸ் பாகங்களுக்கு இலங்கையிலேயே ஒரு மரபு இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ல்ஸ் வெயரும் இலங்கையரான தனபால சமரசேகரவும் சேர்ந்து காலிப் பக்கம் மொறிஸ் மைனர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையை உருவாக்கினார்கள். அங்கே செய்த வண்டி உடல் தகடுகளும் பாகங்களும் இங்கிலாந்துக்கே வந்து பூட்டப்பட்டன. மொறிஸை உருவாக்கிய நாட்டுக்கு நம் தீவின் கைவேலை திரும்பிப் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

கேள்வி: என்னிடம் 1950களின் சித்ரோன் 2சிவி வான் இருக்கிறது. அலைபோல மிதக்கிறது. ஷொக்கைத் தேடிக் கீழே படுத்துப் பார்த்தேன், எங்குமே இல்லை. யாரோ கழற்றி விற்றுவிட்டார்களா?
வாசகர், லாச்சப்பல், பாரிஸ்

பதில்: யாரும் விற்கவில்லை. நீங்கள் தேடிய உருவத்தில் அது இல்லை. 1951இல் இந்த வான் 250 கிலோ பாரத்துக்கென்று வந்தபோது அதில் எண்ணெய் ஷொக் ஒன்றுகூட இல்லை. இரண்டு வேறு உபாயங்கள் இருந்தன.

ஒன்று, சில்லுக் கை சட்டகத்தோடு திரும்பும் இடத்தில் உராய்வுத் தட்டுகள். பிரெஞ்சுக்காரர் அதை ஃப்ரொத்தேர் என்பார்கள். கை திரும்பும்போது தட்டோடு தட்டு உரசி ஆட்டத்தைத் தின்னும். இது மோட்டார் வாகனம் பிறந்த காலத்து முறை. பிரான்சில் த்ரூஃபோ என்பவர் தொடங்கி அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்பவர் பரப்பியது இதே உராய்வுத் தத்துவத்தைத்தான்.

மற்றது, சில்லின் அருகே நிமிர்ந்து நிற்கும் சிறு உருளை. அதைப் பத்தேர் என்பார்கள். உள்ளே சுருள்வில்லின் மேல் சுமார் 3.5 கிலோ எடை நிற்கிறது. சில்லு மேலே துள்ளும்போது அந்த எடை பின்தங்கி, எதிர்த்திசையில் அடித்து, சில்லைத் தரையிலேயே இருத்துகிறது. நீங்கள் அதை வேறு ஏதோ பாகம் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு கூடை முட்டையை உழுத வயலுக்குக் குறுக்கே உடையாமல் கொண்டுபோகவேண்டும் என்று சித்ரோனை நடத்திய பியர் பூலாஞ்சே கேட்டதற்கு அந்தப் பொறியியலாளர்கள் கொடுத்த விடையில் இவை இரண்டும் அடங்கும். 1970களில்தான் குழாய் ஷொக்குகள் இவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டன.

இந்த வான் மிதப்பதே அதன் இயல்பு. ஆனால் ஒருமுறை அமுக்கி விட்டால் ஆட்டம் விரைவில் அடங்கவேண்டும். அடங்கவில்லை என்றால் உராய்வுத் தட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கிறது. இரண்டாவதுதான் நான் அதிகம் கண்டது. துருப்பிடித்த இடமென்று நல்லெண்ணத்தோடு யாராவது எண்ணெய் தெளித்திருப்பார்கள். மொறிஸின் ஷொக்குக்கு உயிர் கொடுக்கும் எண்ணெய் இங்கே நஞ்சு. தட்டைத் திறந்து மாற்றவேண்டும், அதை இறுக்கும் அளவுக்கும் தனிக் கருவி உண்டு. பழைய 2சிவி தெரிந்த பிரெஞ்சுக் கைவினைஞரிடமே கொடுங்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

கேள்வி: 40 வருடம் தாண்டிய வாகனத்துக்கு எம்.ஓ.ரி. என்ற வருடாந்தச் சோதனை தேவையில்லை என்கிறார்களே. அப்படியானால் ஷொக்கை யார் பார்க்கப்போகிறார்கள்?
வாசகி, ஈஸ்ற்ஹாம், லண்டன்

பதில்: நீங்கள் பார்க்கவேண்டும், அம்மா. 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத 40 வயது கடந்த வாகனங்களுக்கு வருடாந்தச் சோதனை கட்டாயம் இல்லை. ஆனால் றோட்டில் ஓடும் வாகனம் ஓடத் தகுந்த நிலையில் இருக்கவேண்டும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. நான் என் வானை ஒவ்வொரு வருடமும் விரும்பியே சோதனைக்குக் கொண்டுபோகிறேன். வேறொருவரின் கண்ணும் வெளிச்சமும் என் வண்டிக்கு அடியில் ஒருமுறை போய்வருவது எனக்கு நிம்மதி. வில்லும் ஷொக்கும் சேர்ந்த தொங்கமைப்பின் வகையை மாற்றினால் அது "பெரிய மாற்றம்" என்ற கணக்கில் வரக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றங்களுக்கு விலக்கு உண்டு. ஹரோ தம்பியும் இதை வாசிக்கட்டும்.

கேள்வி: அப்பாவின் கொட்டிலைத் துப்புரவாக்கும்போது இறுகிப்போன நான்கு லீவர் ஷொக்குகள் கிடைத்தன. அம்மா பழைய இரும்புக்குக் கொடுக்கச் சொல்கிறார்.
வாசகர், லெஸ்ரர்

பதில்: கொடுக்கவேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். புதுப்பிப்பவர்களுக்கு வேண்டியது அந்த ஷொக்கின் உடல்தான். சீலும் புஸ்ஸும் புதிதாகச் செய்துவிடலாம், உடல் இருந்தால் மட்டுமே அவற்றை எதிலாவது வைக்க முடியும். இறுகியதைச் சம்மட்டியால் அடித்து அசைக்க முயலாதீர்கள், கை வளைந்துவிடும். அடைப்பைத் திறக்காமல் வெளிச் சேற்றை மட்டும் சுரண்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றி, எந்த வண்டியின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது அப்பாவின் கையெழுத்தில் எங்காவது இருந்தால் அதையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். உடலில் வார்த்த எழுத்துகளையும் இலக்கங்களையும் படம் எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். எந்த வண்டிக்கு உரியவை என்று பார்த்துச் சொல்கிறேன்.